பழைய லென்ஸுக்குச் சிப் ஒட்டுவது எப்படி: அளவெடுப்பதிலிருந்து சோதனை வரை

சாரல் தொடங்கிவிட்டால் செங்கோட்டையில் என் மேசைக்கு இரண்டு வகை வேலைகள் வரும். ஒன்று, பூஞ்சை பிடித்த லென்ஸ். மற்றொன்று, சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி. பூ எப்படி வேலையாகும் என்று கேட்பீர்கள். ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிப் புனலூர், கொல்லம் பக்கத்திலிருந்து அந்தத் தோட்டங்களைப் படமெடுக்க வருகிறவர்களில் சிலர், அப்பாவோ சித்தப்பாவோ வைத்துவிட்டுப் போன லென்ஸைத் தங்கள் டிஜிட்டல் கேமராவில் மாட்டிக்கொண்டு வருவார்கள். ஹீலியோஸ் என்ற பழைய சோவியத் லென்ஸ் பின்னணியைச் சுழற்றிக் காட்டும் அழகு, பூ நிறைந்த வயலில் நன்றாக எடுபடும். காலை எட்டு மணிக்குத் தோட்டம், பதினொரு மணிக்கு என் கடை.

"சேட்டா, பத்துப் படத்தில் எட்டு மங்கல். இதில் சிப் ஒட்டித் தர முடியுமா?"

முடியும். நீங்களே வீட்டில் ஒட்டிக்கொள்ளவும் முடியும். ஒட்டும் வேலை பத்து நிமிடம்தான். அதற்கு முன்னால் அளவெடுக்கிற வேலைக்கு ஒரு முழுப் பகல் கொடுங்கள். இந்த விகிதத்தைத் தலைகீழாக்கியவர்கள்தான் என்னிடம் வந்து சேருகிறார்கள். நானும் ஒருமுறை அப்படித் தலைகீழாக்கியவன்தான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

சிப் என்ன செய்யும், என்ன செய்யாது

சிப் ஒட்டியதும் பழைய லென்ஸ் தானாகவே ஃபோகஸ் செய்யும் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. செய்யாது. லென்ஸுக்குள் மோட்டார் இல்லை. வளையத்தை உங்கள் விரல்தான் திருப்ப வேண்டும். சிப் என்பது மின்முனைகள் கொண்ட சின்ன மின்னணுத் துண்டு. அது செய்வது ஒரே வேலை. "நான் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ், என் அகலமான அபெர்ச்சர் எஃப் 1.8" என்று கேமராவிடம் ஒரு சின்னப் பொய்யை அடக்கமாகச் சொல்லும். (அபெர்ச்சர் என்பது ஒளி நுழையும் துளை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது.) கேமராவும் அதை நம்பி, முறையான லென்ஸ் வந்திருக்கிறது என்று தன்னுடைய ஃபோகஸ் உணரியை இயக்கும். நீங்கள் ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியபடி வளையத்தைத் திருப்பினால், கூர்மை வந்த இடத்தில் வியூஃபைண்டரின் ஓரத்தில் பச்சைப் புள்ளி எரியும், கூடவே பீப் ஒலி கேட்கும். லென்ஸின் பெயர் விவரங்கள் படக் கோப்பில் பதிவாகும். அவ்வளவுதான். ஆனால் வயது நாற்பதைத் தாண்டி, வெள்ளெழுத்துக் கண்ணோடு கல்யாண மண்டபத்தில் நிற்பவனுக்கு அந்தப் பச்சைப் புள்ளியின் அருமை தெரியும்.

முதலில், உங்களுக்குச் சிப் தேவையா?

இந்தக் கேள்வியிலேயே பாதிப் பேர் பணத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

கேனன் டி.எஸ்.எல்.ஆர்., அதாவது உள்ளே மேலெழும் கண்ணாடி (மிரர்) உள்ள கேமரா, வைத்திருப்பவருக்குத் தேவை. கேனன் 1987-இல் இ.எஃப். மவுண்ட்டை (லென்ஸ் வந்து பூட்டும் வாயை) கொண்டுவந்தபோது லென்ஸுக்கும் பாடிக்கும் (கேமரா உடலுக்கும்) இடையே இருந்த நெம்புகோல்களையெல்லாம் எடுத்துவிட்டு, எல்லாப் பேச்சையும் மின்முனைகள் வழியாகவே வைத்துக்கொண்டது. எதிர்முனையில் பதில் சொல்ல யாரும் இல்லையென்றால் கேமரா அபெர்ச்சர் இடத்தில் "00" என்று காட்டும். ஒளியை அளக்கும், படமும் எடுக்கும். ஆனால் ஃபோகஸ் உணரியைத் திறக்கவே திறக்காது.

நிக்கானில் கதை வேறு. அங்கே சிப் இல்லாத பழைய லென்ஸை மாட்டினாலும், அது எஃப் 5.6 அல்லது அதைவிட அகலமாகத் திறக்குமானால், ஃபோகஸ் புள்ளி எரியும். அங்கே சிக்கல் ஒளியளவில்தான். டி200, டி300, டி700, டி7000, டி7200 போன்ற பாடிகளில் லென்ஸின் குவியத்தூரத்தையும் அகலமான அபெர்ச்சரையும் மெனுவில் பதிந்துவிட்டால் போதும், மீட்டர் வேலை செய்யும். அவர்களுக்குச் சிப் வீண் செலவு. டி3000, டி5000 வரிசைகளிலும், 2017-இல் வந்த டி7500-இலும் அந்த வசதிக்கான வளையம் கிடையாது. அவற்றில் பழைய லென்ஸை மாட்டினால் மீட்டர் உறங்கிவிடும். ஆகவே அவர்களுக்குச் சிப் உதவும்.

பென்டாக்ஸ்காரர்கள் நிம்மதியாக இருக்கலாம். பழைய கே மவுண்ட் லென்ஸ் மாட்டினாலே ஃபோகஸ் புள்ளி எரியும்.

அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் தேவையில்லை. திரையில் விளிம்புகளுக்கு வண்ணம் பூசிக் காட்டும் வசதி இருக்கிறது, பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. இரண்டுமே பச்சைப் புள்ளியைவிடத் துல்லியமானவை. பாடிக்குள் அதிர்வு தடுக்கும் அமைப்பு இருந்தால் அதற்குக் குவியத்தூரம் தெரிய வேண்டும். ஒவ்வொரு முறையும் மெனுவில் மாற்ற அலுப்பாக இருப்பவர் மட்டும் சிப் வைத்த அடாப்டரை (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே போடும் வளையத்தை) பார்க்கலாம். பழைய லென்ஸ் உண்மையாகவே தானாக ஃபோகஸ் செய்ய வேண்டும் என்றால் அதற்கும் மிரர்லெஸ்ஸில்தான் வழி இருக்கிறது. டெக்கார்ட் போன்ற நிறுவனங்களின் மோட்டார் அடாப்டர்கள் லென்ஸை முழுவதுமாகவே சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி ஃபோகஸ் செய்கின்றன. அது சிப் ஒட்டுகிற வேலை அல்ல. எனவே அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இனி வருவது பெரும்பாலும் கேனன் பாடிக்கு, கடைசியில் கொஞ்சம் நிக்கானுக்கு.

எந்த லென்ஸ் பொருந்தும்: ஒரு கழித்தல் கணக்கு

லென்ஸ் உட்காரும் முகப்பிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரையுள்ள தூரம் ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் ஒவ்வொன்று. கேனன் இ.எஃப். மவுண்ட்டுக்கு அது 44 மி.மீ. உங்கள் லென்ஸின் தூரம் இதைவிட அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசத்தின் கனத்தில் ஓர் அடாப்டர் போட்டால் லென்ஸ் தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிடும். தொலைவிலுள்ள மலையும் கூர்மையாகத் தெரியும். ஜெனிட், பிராக்டிகா, பழைய பென்டாக்ஸ் ஆகியவற்றின் எம்42 திருகு லென்ஸ்களுக்கு 45.46 மி.மீ.; அடாப்டரின் கனம் 1.46 மி.மீ. கான்டாக்ஸ்–யாஷிகாவுக்கு 45.5. ஒலிம்பஸ் ஓ.எம்.முக்கு 46. நிக்கான் எஃப் மவுண்ட்டுக்கு 46.5. லைக்கா ஆருக்கு 47. இவையெல்லாம் கேனன் பாடியில் நல்லபடியாக உட்காரும்.

கேனனின் சொந்தப் பழைய எஃப்.டி. லென்ஸ்தான் உட்காராது. அதன் தூரம் 42 மி.மீ. பாடியைவிடக் குறைவு. மினோல்டா எம்.டி.யும் 43.5 என்று அரை மில்லிமீட்டரில் தோற்றுவிடுகிறது. இடையில் கண்ணாடி வைத்த அடாப்டர் போடலாம். ஆனால் அந்த மலிவுக் கண்ணாடி, நல்ல லென்ஸுக்குக் கண்புரை வந்ததுபோல் ஆக்கிவிடும். வேண்டாம். அதே கணக்கில்தான் எம்42 லென்ஸ் நிக்கான் பாடிக்கும் ஒத்துவராது: 45.46 என்பது 46.5-ஐ விடக் குறைவு.

அடாப்டர் வாங்கியதும் வெர்னியர் கேலிபரால் நான்கு இடங்களில் கனத்தை அளந்து பாருங்கள். 1.46-க்குப் பதில் 1.35 இருந்தால் கவலையில்லை. வளையம் முடிவிலியை (மிகத் தொலைவுக்கான நிலையை) தாண்டிக் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். 1.5-க்கு மேல் இருந்தால் குற்றால மலை எந்த நாளும் கூர்மையாக வராது. நான்கு இடத்திலும் நான்கு அளவு வந்தால் அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். படத்தின் ஒரு பக்கம் எப்போதும் மங்கலாக இருக்கும்.

எம்42 லென்ஸ்களில் இன்னொரு சங்கதி. பின்புறத்தில் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருந்தால், அதை உள்ளே அழுத்தினால்தான் அபெர்ச்சர் மூடும். லென்ஸில் ஏ–எம் (தானியங்கி–மேனுவல்) சுவிட்ச் இருந்தால் எம்மில் வைத்துவிடலாம். ஹீலியோஸ் 44எம்-4 போன்றவற்றில் அந்தச் சுவிட்ச் இல்லை. ஊசியை அழுத்திப் பிடிக்கும் உள்விளிம்பு கொண்ட அடாப்டர்தான் வேண்டும். ஹீலியோஸ் 44-2-க்கு ஊசியே கிடையாது, எதுவானாலும் சரி.

கண்ணாடி மோதுகிறதா?

முழுச் சட்டக (ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேனன் பாடி வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள். சில பழைய லென்ஸ்களின் பின்பக்கக் கண்ணாடி, முடிவிலிக்குத் திருப்பும்போது பாடிக்குள் நீண்டு, படமெடுக்கும்போது மேலெழும் மிரரில் இடிக்கும். குறிப்பாக எஃப் 1.4 ஐம்பதுகள். லென்ஸை மிக அருகிலுள்ள தூரத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். பிறகு வளையத்தை அரைக்கால் திருப்பு திருப்பி இன்னொன்று. இப்படியே முடிவிலி வரை போங்கள். ஒலி மாறினாலோ, ஷட்டர் திணறினாலோ அங்கேயே நிறுத்துங்கள். சின்ன சென்சார் பாடிகளில் மிரரும் சின்னது என்பதால் இந்தத் தொல்லை அரிது.

லென்ஸின் உடல்நிலை

சிப்புக்குச் செலவழிக்கும் முன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அபெர்ச்சரை முழுவதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி அடித்தால் பூஞ்சை சிலந்தி வலைபோல் தெரியும். எங்கள் ஊர்ப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரம், பீரோவுக்குள் வைத்த லென்ஸையும் விடாது. பூஞ்சை இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம், பிறகுதான் சிப். கண்ணாடி தேநீர் நிறத்தில் மஞ்சளடித்திருந்தால் பயப்பட வேண்டாம். பென்டாக்ஸின் தக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4-இன் சில வகைகளில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அது வயதானால் மஞ்சளாகும். சில வாரங்கள் புறஊதா ஒளியில் வைத்தால் தெளியும்.

சிப் வாங்கும்போது

மூன்று வகையாகக் கிடைக்கிறது: தனிச் சிப், ஏற்கெனவே சிப் ஒட்டிய அடாப்டர், நாமே விவரம் பதிந்துகொள்ளும் சிப். பெயர்கள் பலவாறு இருக்கும். டேண்டிலியன் என்பது இந்த வட்டாரத்தில் பழைய பெயர்.

மலிவுச் சிப் எந்த லென்ஸில் ஒட்டினாலும் "ஐம்பது மில்லிமீட்டர், எஃப் 1.4" என்றே சாதிக்கும். ஐம்பது மி.மீ. லென்ஸ் ஒன்றே ஒன்று வைத்திருப்பவருக்கு அது போதும். 135 மி.மீ. லென்ஸில் அதை ஒட்டினால் பொய்யின் விளைவுகள் வரிசையாக வரும். தானியங்கி ஐ.எஸ்.ஓ. ஐம்பதுக்கு ஏற்ற மெதுவான ஷட்டரைத் தேர்ந்து கை நடுக்கத்தைப் படத்தில் ஏற்றும். ஃப்ளாஷ் தன் தலையை ஐம்பதுக்கு விரித்து ஒளியை வீணாக்கும். இரண்டு மூன்று லென்ஸ் இருந்தால் விவரம் பதியும் வகையையே வாங்குங்கள். அதில் குவியத்தூரம், அபெர்ச்சர் இவற்றோடு ஃபோகஸ் திருத்தமும் பதியலாம். இந்த மூன்றாவது அம்சத்துக்காக மட்டுமே கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பது என் கட்சி. ஒருமுறை இணையக் கடை ஒன்றில் விவரம் பதியும் சிப் என்று போட்டு எனக்கு ஊமைச் சிப்பை அனுப்பினார்கள். கைக்கு வந்ததும், ஒட்டுவதற்கு முன்பே, பதிய முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை அப்போது கற்றேன்.

ஒட்டுவது எங்கே?

லென்ஸில் ஒட்டாதீர்கள். அடாப்டரில் ஒட்டுங்கள். அடாப்டர் கெட்டால் வேறு வாங்கலாம். 1970-களின் லென்ஸ் போனால் போனதுதான்.

நான் சொன்ன கதை இதுதான். ஒரு மழை நாளில், அவசரத்தில், கண்ணளவாகவே போதும் என்று சிப்பை வைத்து ஒட்டினேன். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விலகிவிட்டது. பாடியில் மாட்டித் திருப்பியபோது முக்கால் சுற்றில் கரகரவென்று ஓர் ஒலி. சிப்பின் சட்டம் பாடியின் மின்முனை மேடையில் முட்டி நின்றது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. பூட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டே மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் திருப்பிக் கழற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. வாடிக்கையாளர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மின்முனைகள் வளையாமல் தப்பியது என் நல்ல காலம்.

அதன்பின் இரண்டு பொருள்கள் இல்லாமல் நான் சிப்பைத் தொடுவதில்லை.

முதலாவது, உடைந்த கேனன் கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்த்து விற்கும் லென்ஸ்) ஒன்று. கண்ணாடி நொறுங்கியிருந்தாலும் பரவாயில்லை, பின்பக்க மவுண்ட் முழுதாக இருந்தால் போதும். இரண்டாவது, கேனனின் பழைய ஃபிலிம் இ.ஓ.எஸ். பாடி. 1987 முதல் மவுண்ட்டும் மின்முனைகளின் இடமும் மாறவில்லை என்பதால், யாரும் தீண்டாமல் கிடக்கும் ஃபிலிம் பாடி இங்கே தங்கமான சோதனைக் கருவி. எது முட்டினாலும் அதில்தான் முட்டும், உங்கள் டிஜிட்டல் பாடி தப்பும். மின்கலம் போட்டால் சிப் பேசுகிறதா என்பதையும் அதுவே சொல்லும்.

இனி அச்செடுக்கும் வேலை. ஓ.எச்.பி. தாள் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஒன்றைக் கிட் லென்ஸின் பின்புறத்தில் வைத்து, கூரான மார்க்கரால் பாடிக்குள் மாட்டிக்கொள்ளும் மூன்று காதுகளின் ஓரங்களையும், பூட்டு முள் நுழையும் குழியையும், தங்க நிற மின்முனைகள் ஒவ்வொன்றின் நடுப்புள்ளியையும் வரையுங்கள். காதுகள் மூன்றும் ஒரே அளவல்ல, ஆகவே தாளைத் தப்பாகத் திருப்பி வைக்கும் பயமில்லை. இந்தத் தாளை அடாப்டர்மேல் வைத்துக் காதுகளையும் பூட்டுக் குழியையும் பொருத்தினால், மின்முனைகள் வரவேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியும். முதல் மற்றும் கடைசி முனைகளுக்கு நேராக அடாப்டரின் உள்விளிம்பில் ஊசியால் கீறிக்கொள்ளுங்கள். மார்க்கர் கோடு அரை மில்லிமீட்டர் தடிமன், கீறல் அப்படியல்ல.

பக்கவாட்டு இடம் மட்டுமல்ல, உயரமும் முக்கியம். கேலிபரின் ஆழம் அளக்கும் கம்பியால் கிட் லென்ஸின் மவுண்ட் முகப்பிலிருந்து மின்முனைகளின் மேற்பரப்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சிப்பும் அதே உயரத்தில் வரவேண்டும். பாடியின் முனைகள் சுருள்வில்லில் நிற்பவை. கால் மில்லிமீட்டர் முன்பின் இருந்தாலும் அவை சமாளிக்கும். அதற்கு மேல் உயர்ந்தால் ஒவ்வொரு மாட்டலிலும் முனை தேயும். தாழ்ந்தால் தொடுகை விட்டுவிட்டு வரும். அந்த விட்டுவிட்டு வருகிற பழுதைக் கண்டுபிடிப்பதுதான் பெரும் பாடு.

ஒட்டுதல்

ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையைக் கண்ணாடி இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அதன் ஆவி அருகிலுள்ள பரப்புகளில் வெண்படலமாகப் படியும். லென்ஸில் படிந்தால் துடைத்துத் தீராது. அரால்டைட் போன்ற இரண்டு குழாய் எபாக்சிதான் சரி. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், மெதுவாக இறுகும் சாதாரண வகையே வேண்டும். நகர்த்திச் சரிசெய்ய நேரம் தருவது அதுதான்.

லென்ஸைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். அடாப்டரில் சிப் உட்காரும் இடத்தை 400-ஆம் எண் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அதன்பிறகு அந்த இடத்தில் விரல் படக்கூடாது. முதலில் பசையே இல்லாமல், மெல்லிய இரட்டைப் பக்க டேப்பால் சிப்பை நிறுத்தி ஃபிலிம் பாடியில் மாட்டிப் பாருங்கள். தடையில்லாமல் திரும்பி, பூட்டு 'டக்' என்று விழுந்து, திரையில் 00-க்குப் பதில் ஓர் எண் வந்தால் இடம் சரி. டேப்பின் கனம் உயரத்தில் சேரும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எண் வரவில்லையென்றால் எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று ஊகிக்காதீர்கள். சிப்பின் முனைகளில் ஒயிட்போர்டு மார்க்கர் மையை மெல்லத் தடவி, மீண்டும் மாட்டிக் கழற்றுங்கள். பாடியின் முனை உரசிய கோடு மையில் தெரியும், கோடு நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்று அதுவே சொல்லும். பார்த்ததும் மையை ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

திருப்தியானதும் டேப்பை எடுத்துவிட்டு, பல்குத்தும் குச்சியின் நுனியில் கடுகளவு பசை எடுத்து, சட்டத்தின் இரண்டு முனைகளிலும் நடுவிலும் வையுங்கள். அதிகம் வைத்தால் பிதுங்கி மின்முனைமேல் ஏறும். ஊசிக் கீறலுக்கு நேராகச் சிப்பை அமர்த்தி, பூதக்கண்ணாடியில் பாருங்கள். அரை மணி கழித்து மறுபடி பாருங்கள், ஏனென்றால் பசை இறுகுமுன் சிப் தானாகவே வழுக்கி நகரும். இருபத்துநான்கு மணி நேரம் தொடாதீர்கள். சாரல் நாள்களில் எபாக்சி மெதுவாக இறுகும், மேலே பிசுபிசுப்பான ஏடும் படியும். நான் நாற்பது வாட் பல்பு எரியும் ஓர் அட்டைப்பெட்டிக்குள், பல்புக்கு ஒரு முழம் தள்ளி வைத்துவிடுவேன்.

பாடி பேசும் மொழி

மறுநாள் முதலில் ஃபிலிம் பாடி, பிறகு டிஜிட்டல். "எர்ர் 01" என்று வந்தால் லென்ஸுக்கும் பாடிக்கும் பேச்சு அறுந்திருக்கிறது என்று பொருள். பத்தில் ஒன்பது முறை முனையில் பசையோ விரல் எண்ணெயோ ஒட்டியிருக்கும். ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும்.

பச்சைப் புள்ளி எரிய, பாடி 'ஒன் ஷாட்' ஃபோகஸ் முறையில் இருக்க வேண்டும். 'சர்வோ' முறையில் அந்தப் புள்ளி வராது. சிப் கெட்டுவிட்டது என்று புலம்பிக்கொண்டு வந்த மூவரில் இருவருக்கு இதுதான் நோய்.

விவரம் பதியும் முறை ஒவ்வொரு சிப்புக்கும் வேறு. குறிப்பிட்ட அபெர்ச்சர் எண்களை வரிசையாக வைத்துப் படம் எடுத்தால் சிப் அதை ஆணையாக எடுத்துக்கொள்ளும் என்பதுதான் பொதுவான வழி. கூட வரும் துண்டுத்தாளைத் தொலைக்காதீர்கள்; வந்தவுடன் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

எக்ஸ்போஷரில் ஒரு பொறி

சிப் ஒட்டியபின் எல்லாரும் விழும் குழி இது. லென்ஸின் வளையத்தை எஃப் 8-இல் வைக்கிறீர்கள். படக் கோப்பிலும் எஃப் 8 என்று வரட்டுமே என்று கேமராவிலும் 8 வைக்கிறீர்கள். படம் வெள்ளைவெளேரென்று வருகிறது.

காரணம் எளிது. சிப் தன்னை எஃப் 1.4 என்று சொல்லியிருக்கிறது. இப்போது திறந்த நிலையில் ஒளியை அளக்கிறேன், படமெடுக்கும்போது லென்ஸ் 8-க்கு மூடப்போகிறது என்று கேமரா நம்புகிறது. 1.4-இலிருந்து 8 வரை ஐந்து படி. அதை ஈடுகட்ட ஷட்டரை முப்பத்திரண்டு மடங்கு நீட்டுகிறது. ஆனால் லென்ஸ் ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது, இனிமேல் மூட ஒன்றுமில்லை. ஆகவே ஏ.வி. முறையில் (அபெர்ச்சரை நாம் வைக்க, ஷட்டரைக் கேமரா தேரும் முறை) எடுக்கும்போது கேமராவின் எண்ணைச் சிப் சொல்லும் மிக அகலமான எண்ணிலேயே வைத்துவிட்டு, உண்மையான அபெர்ச்சரை லென்ஸில் மட்டும் மாற்றுங்கள்.

படக் கோப்பிலும் சரியான எண் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் மேனுவல் முறைக்குப் போகலாம். லென்ஸை முழுக்கத் திறந்து, கேமராவில் 8 வைத்து, மீட்டர் நடுவுக்கு வரும்வரை ஷட்டரைச் சரிசெய்து, ஃபோகஸும் செய்துவிட்டு, கடைசியில் லென்ஸ் வளையத்தை 8-க்கு மூடி எடுத்தால் இரண்டும் பொருந்தும். அசையாத பொருளுக்கு இது அருமையான வழி.

பச்சைப் புள்ளியை எவ்வளவு நம்பலாம்?

ஓரளவுக்கு. பல ஃபோகஸ் உணரிகள் எஃப் 5.6 லென்ஸின் ஒளிக்கற்றையை வைத்தே கணக்குப் போடுகின்றன, நல்ல பாடிகளின் நடுப்புள்ளி எஃப் 2.8-ஐ வைத்து. உங்கள் லென்ஸ் எஃப் 1.4-இல் திறந்திருக்கும்போது கூர்மை விரல் நகத்தின் கனம்தான். புள்ளியோ அதைவிட அகலமான இடைவெளியில் எரிந்துகொண்டே இருக்கும். அதனால் வளையத்தை முடிவிலிப் பக்கத்திலிருந்து மெல்லத் திருப்பி, புள்ளி எரியத் தொடங்கும் இடத்தையும் அணையும் இடத்தையும் மனத்தில் வைத்து, நடுவில் நிறுத்துங்கள். சில லென்ஸில் நடு சரி, சிலவற்றில் தொடக்கம் சரி.

எதுவென்று அறிய, பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை மேசையில் சாய்வாக வைத்து, பதினைந்து சென்டிமீட்டர் கோட்டுக்கு நேராக ஒரு தீப்பெட்டியை நிறுத்தி, தீப்பெட்டியின் முகத்தைக் குறிவைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரி ஃபோகஸ் செய்து பத்துப் படம் எடுங்கள். எல்லாப் படத்திலும் ஸ்கேலின் பதினான்காம் எண் கூர்மையாக வந்தால் திருத்தம் தேவை. சிப்பில் பதியலாம். ஒன்றில் பதினான்கு, அடுத்ததில் பதினாறு என்று தாவினால் பிழை உங்கள் விரலில்.

ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் திறந்தே இருக்கட்டும். எஃப் 8-க்கு மூடிவிட்டு ஃபோகஸ் தேடினால் உணரிக்கு ஒளிக்கற்றையே எட்டாது. சிப் இன்னும் 1.4 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும், கேமரா குழம்பும்.

நிக்கான்காரர்களுக்கு

நிக்கானில் அடாப்டர் என்ற கவசம் இல்லை. சிப்பை லென்ஸிலேயே ஒட்ட வேண்டும். அதனால் கை பழகாதவர் விலையுயர்ந்த லென்ஸில் தொடங்காதீர்கள். 1977-க்கு முந்தைய, ஏ.ஐ. (அபெர்ச்சரைப் பாடிக்குத் தெரிவிக்கும் நிக்கானின் வளைய அமைப்பு) அல்லாத லென்ஸ்கள் சில பாடிகளின் வளையத் தாழை உடைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மேனுவல் லென்ஸில் சிப் என்ற யோசனை நிக்கானுக்கே புதிதல்ல. 1988-இல் வந்த 500 மி.மீ. எஃப் 4 பி, 2001-இல் வந்த 45 மி.மீ. எஃப் 2.8 பி இரண்டும் கையால் ஃபோகஸ் செய்யும், சிப் உள்ள லென்ஸ்கள்.

பல லென்ஸ்களில் சிப்புக்கு இடம் விட, பின்பக்க உள்விளிம்பைக் கொஞ்சம் அராவ வேண்டியிருக்கும். மவுண்ட் வளையத்தைக் கழற்றி எடுத்துத் தனியாகத்தான் அராவ வேண்டும். லென்ஸோடு சேர்த்து அராவினால் பித்தளைத் தூள் உள்ளே போய்விடும். அந்தத் திருகுகள் ஜப்பானியத் தரத்தில் வெட்டப்பட்டவை. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அவற்றின் தலையைத் துருவிவிடும். ஜே.ஐ.எஸ். முனை கேட்டு வாங்குங்கள். வளையத்துக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடுகள் இருந்தால் எத்தனை, எந்த வரிசை என்று படம் எடுத்து வையுங்கள். ஒரு தகடு தொலைந்தாலும் முடிவிலி போய்விடும்.

ஒட்டியபின் லென்ஸ் வளையத்தை மிகச் சிறிய அபெர்ச்சரில் வைத்துவிடுங்கள், பாடியே நெம்புகோலால் அபெர்ச்சரை மாற்றும். ஏ.ஐ.எஸ். லென்ஸ்களில் நெம்புகோலின் அசைவும் அபெர்ச்சரும் ஒரே விகிதத்தில் போகும், எக்ஸ்போஷர் ஒழுங்காக வரும். அதற்கு முந்தைய ஏ.ஐ. வகையில் அந்த விகிதம் பிசகும், நடுவிலுள்ள எண்களில் கொஞ்சம் முன்பின் ஆகும்.

கழற்றும்போது

எம்42 அடாப்டரைப் பாடியில் விட்டுவிட்டு லென்ஸை மட்டும் திருகிக் கழற்றாதீர்கள். அந்த முறுக்கு முழுவதும் பூட்டு முள்ளின்மேல் விழும். பொத்தானை அழுத்தி அடாப்டரோடு சேர்த்தே எடுங்கள். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனி அடாப்டர், தனிச் சிப் என்று வைத்துக்கொண்டால் விவரத்தை மாற்றிப் பதிகிற வேலையும் மிச்சம். பின்மூடிக்குக் கேனன் மூடியே பொருந்தும்.

சிப்பை எடுக்க வேண்டி வந்தால் கத்தியால் நெம்பாதீர்கள். லென்ஸைக் கழற்றிவிட்டு, அடாப்டரை மட்டும் முடி உலர்த்தியின் சூட்டில் சில நிமிடம் காட்டினால் எபாக்சி இளகும். பிளாஸ்டிக் துண்டு ஒன்றால் ஓரத்திலிருந்து மெல்லத் தள்ளினால் சிப் முழுதாகவே வந்துவிடும். கண்ணளவில் ஒட்டிய என் முதல் சிப்பை அப்படித்தான் எடுத்தேன். இப்போது அது ஒரு 135 மி.மீ. லென்ஸின் அடாப்டரில் இருக்கிறது, ஐம்பது மில்லிமீட்டர் என்று இன்னமும் சாதித்துக்கொண்டு.